வாலில்லாத குருவியின் விசில்: வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில் கேமரன் மலைக் குருவிகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குக் கடிதமும் வாட்ஸ்அப்பும் வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் போட இடம் இல்லை. ஒரே ஒரு சின்னக் குருவியைச் சுற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த மாதம் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இருவாட்சி கேள்விகள் அடுத்த மாதம் வரும்.

கே: டீச்சர், நான் கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லோரி ஓட்டுநர். பிரிஞ்சாங் தாண்டி ஓர் ஓரமாக நிறுத்தி, பிளாஸ்க்கில் கொண்டுபோன டீயைக் குடிக்கும்போது பக்கத்துப் பள்ளத்திலிருந்து ஒரு விசில் வரும். இரண்டு தடவை, சில நேரம் மூன்று தடவை. ரொம்ப மெல்லிசு, ரொம்ப உச்சம். கொஞ்சம் விட்டு மறுபடியும் அதே. எத்தனையோ முறை எட்டிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் தெரியவில்லை. அது பூச்சியா, தவளையா, குருவியா?
*– லோரி ஓட்டுநர், பீடோர்*

குருவிதான் தம்பி. நீங்கள் சொல்லும் உயரம், பள்ளம், விசிலுக்கு விசில் விடும் இடைவெளி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அது பிக்மி கப்விங். பழைய கையேடுகளில் பிக்மி ரென் பாப்ளர் என்று போட்டிருப்பார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு அதைக் காது கொடுத்துக் கேட்டீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம். அந்தச் சாலையில் ஸ்ட்ராபெரி வாங்க ஏறுகிற கார்களுக்குக் கணக்கே இல்லை, கண்ணாடியை இறக்குகிறவர்கள்தான் குறைவு.

ஆளைச் சொல்கிறேன். மொத்த நீளம் ஒன்பது சென்டிமீட்டர் வரும். எடை பதினைந்து கிராம் அளவு. வால் இருக்கிறது, ஆனால் உடம்பு இறகுக்குள்ளேயே முடிந்துவிடும், வெளியே தெரியாது. முதுகு கரும்பழுப்பு. நெஞ்சும் வயிறும் செதில் செதிலாக இருக்கும்: ஒவ்வொரு இறகுக்கும் நடுவில் கறுப்பு, ஓரத்தில் வெளிர் நிறம். சில குருவிகளுக்கு அந்த ஓரம் வெள்ளை, சிலவற்றுக்கு மஞ்சள் கலந்த காவி. இரண்டும் ஒரே இனம்தான். வெள்ளை ஆண், காவி பெண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கால் மட்டும் அந்த உடம்புக்கு நீளம். கொழுக்கட்டைக்குக் கால் முளைத்து ஓடினால் எப்படி இருக்கும், முதல் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும்.

நேப்பாளத்தில் பல வருஷம் இருந்த பிரையன் ஹாட்ஜ்சன் என்ற ஆங்கிலேயர் 1845இல் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார். அங்கே இமயமலையில் தொடங்கி, தென்சீனா, நம் மலேசியத் தீபகற்பத்து மலைகள், சுமத்ரா, ஜாவா என்று கிழக்கே தீமோர் வரைக்கும் இது உண்டு. சிலம்பன் குருவிகளின் கூட்டத்தில்தான் ரொம்ப காலம் சேர்த்து வைத்திருந்தார்கள். 2009இல் மரபணுவைப் பார்த்தபோதுதான் அந்தக் கூட்டத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை என்று தெரிந்தது, தனிக் குடும்பம் கொடுத்தார்கள். அந்தக் குடும்பத்தில் மொத்தமே நாலைந்து இனங்கள். எல்லாமே ஆசியாவில், எல்லாமே ஈரமான புதருக்கு அடியில், எல்லாமே வால் தெரியாத குருவிகள்.

இனி, ஏன் உங்கள் கண்ணில் படவில்லை என்பதற்கு வருகிறேன். நீங்கள் செடி மேலும் கிளை மேலும் தேடுகிறீர்கள். அது தரையில் இருக்கிறது. பாசி பிடித்து விழுந்து கிடக்கும் மரம், பாறை இடுக்கு, பெரணிக்கு அடியில் நனைந்த சருகு, நீர் கசியும் மண் கரை, இவ்வளவுதான் அதன் உலகம். தத்தித் தத்திப் போய் சின்னப் பூச்சி, சிலந்தி என்று பொறுக்கித் தின்னும். பறப்பது அபூர்வம். அப்புறம் அந்தக் குரலும் ஒரு காரணம். அவ்வளவு உச்சத்தில், ஒரே சுருதியில், மெதுவாக எழுந்து வரும் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம் காதுக்குப் பிடிபடாது. காலடியில் இருக்கும், நாம் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அடுத்த தடவை எட்டிப் பார்க்காதீர்கள் தம்பி. சாலை ஓரத்திலேயே, பள்ளம் தெரிகிற மாதிரி ஒரு கல் மேல் உட்காருங்கள். கையை ஆட்ட வேண்டாம். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு மேல் கண்ணைக் கொண்டுபோகாதீர்கள். காற்று இல்லாத நேரத்தில் ஒரு பெரணி இலை மட்டும் ஆடினால் அங்கேயே பாருங்கள். ஏதோ எலி ஓடுகிறது என்று விட்டுவிடாதீர்கள்.

மழை விட்ட ஒரு காலையில், கூனோங் பிரிஞ்சாங் ஏறும் சாலை ஓரத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். விழுந்து கிடந்த மரத்தின் அடிப்பக்கத்திலிருந்து ஏறி வந்தது. பாசியில் ஒரு கொத்தை அலகால் பிடித்துப் புரட்டிப் போட்டது. அடியில் இருந்த ஏதோ ஒரு பூச்சியை இழுத்து, மரத்தில் இரண்டு தட்டுத் தட்டி விழுங்கியது. பிறகு இரண்டு இறக்கையையும் படக் படக்கென்று விரித்து மூடியது. பயமோ சந்தேகமோ வந்தால் அப்படிச் செய்யும். நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். சரி, ஆபத்து இல்லை என்று அதற்கே தோன்றியிருக்க வேண்டும், அலகைத் திறந்து அந்த மூன்று சுரத்தையும் பாடியது. அவ்வளவு சின்ன உடம்பு, பாடும்போது நெஞ்சுச் செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நடுங்குகிறது. கடைசிச் சுரம் மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கி முடிந்தது. பாடிவிட்டு, வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. அந்தக் குரலைக் கேட்டுவிட்டு எந்தத் தேயிலைக் கடையில் போய் உட்கார மனசு வரும்? அன்றைக்கு நேராக பஸ் பிடித்துத் தாப்பா வந்துவிட்டேன்.

கே: வால் இல்லாமல் குருவி எப்படிப் பறக்கும்? திரும்பும்போது விழுந்துவிடாதா?
*– ஆறாம் ஆண்டு மாணவி, தமிழ்ப்பள்ளி, சுங்கை சிப்புட்*

நல்ல கேள்வி கண்ணு. பறவைக்கு வால் திசை திருப்பவும், வேகத்தைக் குறைக்கவும், கிளையில் உட்காரும்போது நிலை தடுமாறாமல் இருக்கவும் உதவும். உங்கள் பள்ளிக் கூரையைச் சுற்றும் தகைவிலானைப் பார், வாலை விரித்து மடக்கித்தான் அப்படி வளைந்து வளைந்து போகிறது. இந்தக் குருவிக்கு அந்த வேலையே இல்லை. இது ஒரு மரத்திலிருந்து பக்கத்து மரத்துக்குப் போனாலே அது பெரிய பயணம். இறக்கை குட்டையாக, வட்டமாக, உள்பக்கம் குழிந்து இருக்கும். அதை வைத்துச் சட்டென்று ஒரு பாய்ச்சல் பாயலாம், தூரம் போக முடியாது. நெருக்கமான பெரணிக்குள்ளும் வேருக்குள்ளும் நுழைந்து வெளியே வருகிறவனுக்கு நீள வால் தொந்தரவுதானே? பறக்கிற வேலையில் பெரும்பகுதியை அதன் கால் எடுத்துக்கொண்டது.

கே: என் மச்சான் பிரேசர் மலைக்குப் படம் எடுக்கப் போகிறவர். கைப்பேசியில் இந்தக் குருவியின் குரலைப் போட்டால் ஓடி வந்து நிற்குமாம், பத்து நிமிஷத்தில் படம் கிடைத்துவிடுமாம். அவரோடு வந்தவர்கள் குருவி தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பெரணிகளைக்கூட வெட்டி ஒதுக்கினார்களாம். இது சரியா டீச்சர்? எனக்கு என்னவோ மனசுக்கு ஒப்பவில்லை.
*– வாசகி, கோலா குபு பாரு*

உங்கள் மனசு சொல்வதுதான் சரி அம்மா. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், உங்கள் மச்சானிடம் படித்துக் காட்டுங்கள்.

ஓடி வந்து நிற்பது உண்மை. ஏன் வருகிறது என்று பாருங்கள். அந்தப் பள்ளத்துண்டு அதனுடைய எல்லை. அங்கேதான் அதன் தீனி, அதன் துணை, அதன் கூடு. கைப்பேசிக் குரலைக் கேட்டதும் வேறொருவன் எல்லைக்குள் நுழைந்துவிட்டான் என்று நினைத்து, மேய்வதை விட்டுவிட்டு, மறைவை விட்டுவிட்டு, சண்டைக்கு வருகிறது. வந்தால் எதிரி இல்லை. குரல் மட்டும் மறுபடி மறுபடி கேட்கிறது. இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடுவதைப் பார்த்து “எவ்வளவு அழகா போஸ் கொடுக்குது” என்கிறார்கள். அது போஸ் இல்லை, தவிப்பு.

ஒரு ஆள் ஒரு தடவை போட்டால் அந்தக் குருவி செத்துப்போய்விடாது. ஆனால் இந்த இடத்தில் இந்தக் குருவி வரும் என்று ஒரு குழு இன்னொரு குழுவுக்குச் சொல்ல, சனிக்கிழமை காலையில் ஒரே பள்ளத்தில் ஆள் மாற்றி ஆள் போட்டுக்கொண்டே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பதினைந்து கிராம் உடம்பு நாள் முழுக்கத் தின்றால்தான் மலையின் இரவுக் குளிரைத் தாங்கும். அதன் காலை நேரத்தை நாம் எடுத்துக்கொண்டால் யார் திருப்பிக் கொடுப்பது? அதுவும் கூடு கட்டும் காலம் என்றால் இன்னும் மோசம். கூட்டைப் பார்த்தால் கூடு என்றே சொல்ல மாட்டீர்கள். பாசி மூடிய மரத்தண்டிலோ பாறையிலோ, அதே பாசியை எடுத்து உருண்டையாகக் கட்டி, பக்கவாட்டில் ஒரு சின்ன வாசல் வைத்திருக்கும். உள்ளே இரண்டிலிருந்து நாலு வெள்ளை முட்டை. கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்குகிறவர்கள் எங்கே கால் வைக்கிறோம் என்று பார்ப்பதில்லை.

பெரணி வெட்டுவதை என்னால் பொறுக்கவே முடியாது. அந்தப் பெரணிதான் அதன் கூரை, அதன் சுவர், அதன் சாப்பாட்டுத் தட்டு எல்லாம். வெயில் நேராக விழுந்தால் பாசி காயும், பாசி காய்ந்தால் பூச்சி போகும், பிறகு குருவிக்கு அங்கே என்ன இருக்கிறது? ஒரு படத்துக்காக வீட்டையே பிரித்துப் போடுவதை நான் ரசனை என்று சொல்ல மாட்டேன்.

மச்சானுக்கு ஒரு வழி சொல்லுங்கள். ஹெம்மன்ட் பாதை மாதிரி நிழலான இடத்தில், வெளிச்சம் வந்ததும் போய், கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு அசையாமல் உட்காரட்டும். பிரேசர் மலையில் கப்விங் மட்டுமா இருக்கிறது? பள்ளத்து ஓரத்தில் லெஸ்ஸர் ஷார்ட்விங் பாடும், வெள்ளை வால் ராபின் வாலை விரித்துக் காட்டிவிட்டு மறையும். விடியலிலும் அந்தி மங்கலிலும் அதிர்ஷ்டம் இருந்தால் மலாயன் விசில் திரஷ் கண்ணில் படும். உலகத்திலேயே தீபகற்ப மலேசியாவின் மலைகளில் மட்டும் இருக்கும் பறவை அது, வேறெங்கே போனாலும் கிடைக்காது. உட்கார்ந்தவனுக்கு இவையெல்லாம் வரும். கைப்பேசி போட்டவனுக்கு ஒரு குருவியின் கோபம் மட்டும்தான் வரும்.

கே: எங்கள் வீடு செம்பனைத் தோட்டத்து ஓரத்தில். செம்பருத்திச் செடியில் சின்னக் குருவி ஒன்று இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருக்கிறது. நீங்கள் எழுதிய மலைக் குருவி இதுதானா? இல்லையென்றால் அது ஏன் எங்கள் தோட்டத்துக்கு வருவதில்லை?
*– குடும்பத்தலைவி, தெலுக் இந்தான்*

உங்கள் வீட்டில் இருப்பது தையல்சிட்டு. வாலைச் செங்குத்தாகத் தூக்கி வைத்திருக்குமே, அதை வைத்தே வித்தியாசம் கண்டுபிடித்துவிடலாம். குஞ்சு பறக்கும் வரை அந்தச் செடியைக் கவாத்து பண்ணாதீர்கள்.

இரண்டாவது கேள்விதான் பெரிது. அப்பா பால்மரம் சீவிய காலத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தில் மைனா, செண்பகம், தையல்சிட்டு எல்லாம் லயத்து வாசல் வரை வரும். மரத்தை வெட்டிச் செம்பனை வைத்த பிறகும் அவை இருக்கின்றன, சமாளித்துக்கொண்டன. கப்விங் அப்படி இல்லை. நம் நாட்டில் அது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல்தான் இருக்கும். மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு பாகை வெப்பம் குறையும். தாப்பாவில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், ரிங்லெட் போனதும் பஸ்ஸில் சன்னலைச் சாத்தச் சொல்கிறோம். அந்தக் குளிர், அந்த மேகம், அதில் வளரும் பாசி, அந்தப் பாசிக்குள் இருக்கும் பூச்சி, இந்தச் சங்கிலியை நம்பித்தான் அது வாழ்கிறது. கீழே அனலில், பனைக்கு அடியில் மட்டை அடுக்கி, மருந்து அடித்த தரையில் அதற்கு ஒரு வேளைத் தீனிகூடக் கிடைக்காது.

அதனால்தான் மலையில் ஒரு பள்ளம் போனால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இங்கே காடு போய்விட்டதே, கீழே இறங்கிச் சமவெளியைத் தாண்டி வேறு மலைக்குப் போகலாம் என்று இந்தக் குருவியால் முடியாது. கேமரன் மலையில் காய்கறித் தோட்டத்துக்காகச் சரிவை வழித்து, மண்ணைப் பள்ளத்தில் தள்ளுகிறார்கள். மழை வந்தால் அந்த மண் ஆற்றில் இறங்கி, சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் போய் அடைகிறது. ஏரியைத் தூர் வாரும் இயந்திரத்தைச் சாலையில் போகிற எல்லோரும் பார்க்கிறோம். தூர்ந்துபோன பள்ளத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. நாம் சாப்பிடும் முட்டைக்கோஸ் அங்கிருந்துதான் வருகிறது, விவசாயிகள் பிழைக்க வேண்டும், எனக்கும் தெரியும். ஆனாலும் நீரோடைக்கு இரண்டு பக்கமும் காட்டை விட்டுவைத்தால் அவர்கள் மண்ணும் நிற்கும், குருவியும் நிற்கும். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

கே: முராய் பத்து என்ற பாட்டுக் குருவி வளர்க்கிறேன். இந்தக் கப்விங் நன்றாகப் பாடும் என்கிறீர்கள். பூச்சி வாங்கிப் போட்டுக் கூண்டில் வளர்க்கலாமா?
*– வாசகர், ஈப்போ*

கூடாது ஐயா. பாதுகாக்கப்பட்ட காட்டுப் பறவையை அனுமதியில்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதோடு, ஈரப் பாசியில் வாழ்கிற உயிர் ஈப்போ வெயிலில் கம்பிக் கூண்டுக்குள் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் சிம்பாங் பூலாய் வழியாக மலைக்கு ஏறுங்கள், உங்களுக்குப் பக்கம்தான்.

கே: என் அம்மாவின் ஊர் வால்பாறை. அங்கேயும் தேயிலை, அங்கேயும் மேகம். இந்தக் குருவி நம் ஊர்ப் பக்கமும் இருக்கிறதா?
*– கல்லூரி மாணவர், தஞ்சோங் மாலிம்*

கப்விங் மேற்குத் தொடர்ச்சி மலையில் இல்லை. ஆனால் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிற வேறு ஒருவர் அங்கே இருக்கிறார்: ஷோலாக்கிளி. பெயரைப் பார்த்துக் கிளி என்று நினைக்க வேண்டாம். கருநீல நிறத்தில், நீளக் காலோடு, சோலைக்காட்டுத் தரையில் பூச்சி பொறுக்கும் சின்னப் பறவை. வால்பாறைக்கு மேலே உயரமான சோலைகளில் இருப்பது வெள்ளை வயிறு உள்ள இனம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரிப் பக்கம் இருப்பது வேறு இனம். ஒரு கணவாய் நடுவில் இருந்ததற்கே இரண்டும் பிரிந்து தனித்தனி ஆகிவிட்டன. அவ்வளவு தூரம்கூட இறங்கி ஏறவில்லை. முன்பு இவற்றை நம் மலையில் இருக்கும் ஷார்ட்விங்கோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 2017இல் ஷோலிகோலா என்று தனிப் பேரினமே கொடுத்துவிட்டார்கள். அடுத்த முறை பாட்டி வீட்டுக்குப் போகும்போது விடியலில் சோலை ஓரமாக நின்று பாருங்கள். அவர் பாட்டு கப்விங் மாதிரி இரண்டு மூன்று சுரத்தோடு நிற்காது, நீளமாகவும் இனிமையாகவும் இழுப்பார். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கே: எனக்கு எழுபது வயதாகிறது. போன பள்ளி விடுமுறையில் பேரனோடு கூனோங் பிரிஞ்சாங் போனேன். “தாத்தா, நீங்க சொன்ன விசில் கேக்குது” என்கிறான். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அவன் சும்மா சொல்கிறானா? நான் இனி அதைப் பார்க்கவே முடியாதா?
*– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, தாப்பா*

பேரன் பொய் சொல்லவில்லை ஐயா. வயது ஏற ஏற நம் காது முதலில் விடுவது உச்சமான ஒலிகளைத்தான். பக்கத்தில் இருப்பவர் பேச்சு நன்றாகக் கேட்கும், இந்த மாதிரி மெல்லிய விசில் மட்டும் நழுவிவிடும். காது மிஷின் போட்டால் சிலருக்குத் திரும்பக் கேட்கிறது. மருத்துவரிடம் போகும்போது, உச்சமான ஒலிகள் கேட்கவில்லை என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

பார்ப்பதற்குக் காது அவசியம் இல்லை. பேரனின் காதும் உங்கள் கண்ணும் போதும். இருவரும் சேர்ந்து போங்கள், வார நாளில் போங்கள், சனி ஞாயிறு வேண்டாம். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி உச்சிக்கு ஏறும் சாலை குறுகல், எதிரில் ஜீப் வந்தால் ஒதுங்க இடம் குறைவு. அதனால் ஓட்டத் தெரிந்தவர் கூட வரட்டும். காலையில் ஏழு, ஏழரைக்கு அங்கே இருந்தால் நல்லது. மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், முட்டிக்கு அதுதான் வசதி. பேரனை உங்கள் பக்கத்தில் நிறுத்தி, விசில் வரும்போதெல்லாம் பேசாமல் உங்கள் கையை மட்டும் அழுத்தச் சொல்லுங்கள். தலையை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பி, எந்தப் பக்கம் குரல் கூடுகிறது என்று அவன் பார்க்கட்டும். நீங்கள் அந்தப் பக்கத்துப் பாசி மரத்தின் அடியையே பார்த்துக்கொண்டிருங்கள். தொலைநோக்கி இருந்தால் எட்டுக்கு நாற்பத்திரண்டு (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்) நல்லது, மங்கலான இடத்திலும் வெளிச்சம் கொடுக்கும். ரொம்பக் கிட்டத்தில் பார்க்க முடிகிறதா என்று கடையிலேயே சோதித்து வாங்குங்கள், ஏனென்றால் அது பெரும்பாலும் மூன்று நாலு மீட்டரில்தான் வந்து நிற்கும். குளிருக்கு ஒரு சுவெட்டர், மழைக்கு ஒரு குடை. குடையை மட்டும் அங்கே விரிக்காதீர்கள், அந்த அசைவுக்கே ஓடிவிடும். நனைந்தாலும் பரவாயில்லை என்றால் மழைச்சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.